இடது கை சாகும், வலது கை வாழும்

சங்கரன்கோவிலில் பிரியாணிக்குக் கூட்டம் சேரும். ஆடித் தபசுக்குக் கூட்டம் சேரும். இந்த இரண்டும் இல்லாத ஒரு காலைப்பொழுதில், கழுகுமலை சாலையில் ஒரு கல்யாண மண்டபத்தின் முன்னால் பஸ் நகர முடியாத அளவுக்குக் கூட்டம் சேர்ந்திருந்தது என்றால், உள்ளே யாரோ யாரையோ ஏமாற்றிக்கொண்டிருக்கிறார்கள் என்று தைரியமாக முடிவுக்கு வரலாம்.

ஏமாற்றியவர் பெயர் ரத்தநூல் சித்தர். ஏமாந்தவர்கள் பெயரைச் சொல்ல இடம் போதாது. புளியங்குடியிலிருந்து எலுமிச்சை வியாபாரிகள், மேலநீலிதநல்லூர்ப் பக்கத்து மானாவாரி விவசாயிகள், கடையநல்லூரிலிருந்து காரில் வந்தவர்கள் என்று சாதி மத பேதமில்லாமல் வந்திருந்தார்கள். மத நல்லிணக்கத்துக்கு நம் நாட்டில் யாராவது உண்மையாகப் பாடுபடுகிறார்கள் என்றால் அது போலிச் சாமியார்கள்தான்.

மண்டபத்து வாசலில் பிளக்ஸ் போர்டு. ஒரு பக்கம் கண் மூடிய சித்தர், இன்னொரு பக்கம் பள்ளிக்கூடப் புத்தகத்தில் வருவது போல ரத்தக்குழாய்களோடு ஓர் இதயம். நடுவில் எழுத்து: "உங்கள் ஆயுளை உங்கள் ரத்தமே சொல்லும்! வெளியே சொல்ல முடியாத ரத்த நோயா? பெயர் வேண்டாம். முகம் வேண்டாம். கையை மட்டும் நீட்டுங்கள்!"

அந்தக் கடைசி வரிதான் சித்தரின் முதலீடு. சர்க்கரை இருப்பவன் ஊருக்கே சொல்லிக்கொண்டு திரிவான்; பிரஷர் இருப்பவன் அதைப் பதக்கம் போலக் குத்திக்கொள்வான். எச்.ஐ.வி. இருப்பவர் யாரிடம் சொல்வார்? சொன்னால் வாடகை வீடு போகும், மகள் கல்யாணம் நிற்கும், டீக்கடையில் தனி டம்ளர் வரும். இந்த ஊர் அவர்களை வாயைத் திறக்க முடியாமல் வைத்திருந்தது. சித்தர் வந்து, வாயைத் திறக்கவே வேண்டாம், கையை நீட்டினால் போதும் என்றார். ஊர் செய்த பாவத்தில் சித்தர் சாப்பிட்டார்.

காட்சி இப்படி நடக்கும். மேடையின் குறுக்கே ஒரு கருநீலத் திரை. அதில் வரிசையாகக் கிழிசல்கள். திரைக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு நோயாளிகள் உட்கார்ந்திருப்பார்கள். கிழிசல் வழியாகக் கை மட்டும் சபைக்கு நீளும். முதல் தடவை வருகிறவர் மணிக்கட்டில் மஞ்சள் கயிறு. அதற்குப் பெயர் முதல் பார்வை. சித்தரின் கஷாயத்தைக் குடித்து முடித்து வருகிறவர் கையில் சிவப்புக் கயிறு. அது மறுபார்வை. சித்தர் ஒவ்வொரு கையிலும் ஒரு விரலை ஊசியால் குத்தி, பிழிந்து, ஒரு சின்னக் குப்பியில் ரத்தம் பிடிப்பார். ஊசியை மட்டும் ஆளுக்கு ஒன்றாக மாற்றினார். அந்த ஒரு விஷயத்தில் யோக்கியர். மஞ்சள் கைக்கு மஞ்சள் துணி சுற்றிய குப்பி, சிவப்புக் கைக்குச் சிவப்புத் துணி சுற்றிய குப்பி. குப்பிக்குள் ஒரு பருத்தி நூலைத் தொங்கவிட்டு மந்திரம் ஆரம்பிப்பார். மந்திரம் முடிய அரைமணி ஆகும். பிறகு நூலைத் தூக்குவார்.

மஞ்சள் குப்பியிலிருந்து வரும் நூலில் ரத்தம் தண்ணீராகச் சொட்டும். "உயிர் ஒட்டவில்லை அன்பரே! உன் கெடு நெருங்குகிறது!" என்று சித்தர் தலையில் அடித்துக்கொள்வார். சிவப்புக் குப்பியிலிருந்து வரும் நூலில் ரத்தம் கெட்டிப்பட்டு, ஈரல் துண்டு போலத் தொங்கும். "ஒட்டிவிட்டது! உயிர் நூலில் ஒட்டிவிட்டது! இனி உனக்கு மாத்திரை எதற்கு? அது விஷம், தூக்கி எறி!" என்பார். சபை குலவை போடும்.

மஞ்சள் குப்பியில் ஒரு தடவைகூட ரத்தம் உறைந்ததில்லை. சிவப்புக் குப்பியில் ஒரு தடவைகூட உறையாமல் இருந்ததில்லை. இதைக் கவனிக்கப் பட்டப்படிப்பு தேவையில்லை, கண் இருந்தால் போதும். வந்தவர்கள் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்ததால் அந்த வசதியும் இல்லாமல் போயிற்று.

வாசலில் ஒருவர் வெள்ளி உரு விற்றுக்கொண்டிருந்தார். கண் வலிக்குக் கண், கால் வலிக்குக் கால் என்று உரு வாங்கிக் காணிக்கை போடுவது இந்த ஊர் வழக்கம். சித்தர் மண்டபத்தில் ரத்தக்குழாய் உரு போட வேண்டுமாம். ரத்தக்குழாய் எப்படி இருக்கும் என்று உரு விற்றவருக்குத் தெரியாது, வாங்கியவர்களுக்கும் தெரியாது. அவர் விற்காமல் கிடந்த பாம்பு உருவையெல்லாம் தலையை நசுக்கி நீட்டி ரத்தக்குழாய் ஆக்கிவிட்டார். வியாபாரம் பிய்த்துக்கொண்டு போயிற்று.

சித்தருக்கு ஊரில் பிரதம சீடர் சண்முகையா. மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மூன்று வாட்ஸப் குழுவுக்கு அட்மின். காலையில் எழுந்ததும் பல் விளக்குவதற்கு முன்பே யாராவது ஒரு விஞ்ஞானியைத் தோற்கடித்துவிடுவார்.

"படிச்சேரா வே?" என்று எதிரே வருகிறவரிடம் போனை நீட்டுவார். "எச்.ஐ.வி. வந்தவன் எவ்வளவு நாள் இருப்பான்னு ரத்தம் உறையுதத வச்சுச் சொல்ல முடியுமாம். டி-டைமர்னு பேரு. அமெரிக்காக்காரன் இப்பத்தான் கண்டுபிடிச்சிருக்கான். நம்ம சித்தரு ஒத்த நூல வச்சுல்லா சொல்லுதாரு! எங்கன இருக்கு விஞ்ஞானம்?"

"அமெரிக்காக்காரன் சொன்னது உண்மையா அண்ணாச்சி?"

"உண்மைதான்."

"அப்ப சித்தரு சொல்லுதது?"

"அதவிட உண்மை வே!"

இந்தக் கூட்டத்தில் துரைப்பாண்டி என்று ஒருவன் வந்து மாட்டிக்கொண்டான். விசைத்தறி ஓட்டுகிறவன். அவனுக்கும் அவன் மனைவி பொன்செல்விக்கும் எச்.ஐ.வி. இருப்பது மகள் பாலர் பள்ளிக்குப் போன காலத்தில் தெரிந்தது. நல்லவேளையாக மகளுக்கு இல்லை. அன்றிலிருந்து இருவரும் தென்காசிக்குப் போய் மாத்திரை வாங்கி, ராத்திரி செய்தி முடிந்ததும் போட்டுவிட்டுப் படுப்பார்கள். மகள் இப்போது பிளஸ் டூ படிக்கிறாள். அப்பா தறி ஓட்டுகிறார், அம்மா வீட்டில் ஜாக்கெட் தைக்கிறாள். இந்த வீட்டில் ஒரு நோய் இருக்கிறது என்று பக்கத்து வீட்டு ஆளுக்குக்கூடத் தெரியாது. அந்த மாத்திரை அவ்வளவு நன்றாக வேலை செய்துகொண்டிருந்தது. ஆனால் ஒழுங்காக வேலை செய்கிற பொருளுக்கு நம்மிடம் மரியாதை ஏது?

துரைப்பாண்டியும் பொன்செல்வியும் முதல் பார்வைக்குச் சேர்ந்துதான் போனார்கள். இருவர் ரத்தமும் ஒட்டவில்லை. துரைப்பாண்டி அழுதுவிட்டான். கஷாயம் குடித்தான். மறுபார்வையில் அவனுக்கு உயிர் ஒட்டிவிட்டது. வீட்டுக்கு வந்த வேகத்தில் மாத்திரை டப்பாவைச் சாக்கடையில் வீசினான்.

"என்ன செய்யுதிய? கிறுக்கா பிடிச்சிருக்கு?" என்று பொன்செல்வி கத்தினாள்.

"ஏட்டி, எனக்குச் சொகமாயிட்டு. நீயும்தான பாத்த? நூலுல கெட்டியா தொங்குச்சு. எத்தன வருசமா திருடன் மாதிரி ஒளிஞ்சு ஒளிஞ்சு முழுங்குதது? அந்த ஆஸ்பத்திரி வராண்டாவுல தெரிஞ்சவன் எவனும் வந்துருவானோன்னு மூஞ்சிய மறைச்சு ஒக்காந்து ஒக்காந்து எனக்குச் சலிச்சுப் போச்சு. ஒருநாளாச்சும் நானும் மத்தவன மாதிரி இருந்துட்டுப் போறேன்."

அவன் சொன்னதில் பாதி பொன்செல்விக்கும் உள்ளே கிடந்ததுதான். ஆனால் மனிதன் சாகக் கூடாதே. அவனுக்கு ஒன்று ஆனால் மகளை வைத்துக்கொண்டு அவள் எங்கே போவாள்? அவளுக்குப் பயமாக இருந்தது. அவனை அவளுக்குப் பிடிக்கவும் செய்தது. இரண்டும் சேர்ந்துதான் அவளைச் சில நாள் கழித்துத் தென்காசி பஸ்ஸில் ஏற்றின.

ஆஸ்பத்திரியின் எச்.ஐ.வி. மாத்திரை மையத்தில் டாக்டர் அஃப்ரோஸ் இருந்தார். கடையநல்லூர்க்காரர். விஷயத்தைக் கேட்டதும் பேனாவைக் கீழே வைத்தார்.

"நிறுத்தி எத்தனை நாளாச்சும்மா?"

"கொஞ்ச நாளாச்சு டாக்டர். ஆனா முன்னவிடத் தெம்பாத்தான் நடமாடுதாவ. அதான் எனக்கும் கொழப்பமா இருக்கு."

"கொஞ்ச நாள் அப்படித்தான் இருக்கும். கிருமி சொல்லிட்டா பெருகும்?"

"ரத்தம் உறையுதத வச்சு ஆயுசு சொல்லலாம்னு போன்ல வருதே, அது பொய்யா?"

பொய் என்று ஒரு வார்த்தையில் டாக்டர் தள்ளிவிட்டிருக்கலாம். அவர் படித்தவர், அதனால் முழுதாகச் சொல்ல வேண்டியதாயிற்று.

"பாதி உண்மைம்மா, அதான் ஆபத்தே. ரத்தக்குழாயோட உள்பக்கம் வழுவழுன்னு இருக்கணும். கிருமி பெருகுனா அது புண்ணாகும். அங்க ரத்தம் கொஞ்சம் கொஞ்சமா உறையும். உடம்பு அதைக் கரைக்கும். கரைச்சதுல மிஞ்சுன துணுக்கு ரத்தத்துல மிதக்கும். அந்தத் துணுக்குதான் டி-டைமர். அது கூடியிருந்தா மாரடைப்பு, பக்கவாதம்னு வர வாய்ப்பும் கூடுதல்னு ஆராய்ச்சியில பாத்திருக்காங்க. ஆனா வேற காய்ச்சல் வந்தாலும் அது கூடும். அதனால அதை மட்டும் வச்சு இன்னாருக்கு இன்ன தேதின்னு யாராலயும் சொல்ல முடியாது. மெஷின்ல அளக்கணும், நூல்ல எல்லாம் ஒட்டாது."

"அப்ப என்னதான் உறுதி டாக்டர்?"

"மாத்திரைய நிறுத்துனவங்களுக்கு அந்தத் துணுக்கு ஏறுது. அதுதான் உறுதி. அவரைக் கூட்டிட்டு வாங்க, சீக்கிரமா."

பாருங்கள் வேடிக்கையை. தெரிந்த டாக்டர் "வாய்ப்பு உண்டு" என்கிறார். தெரியாத சித்தர் "இத்தனாம் தேதி" என்கிறார். நம் ஆட்கள் யாரை நம்புவார்கள்? தேதி சொல்கிறவனைத்தான்.

பொன்செல்வி வீட்டுக்கு வந்து டாக்டர் சொன்னதையெல்லாம் சொன்னாள். துரைப்பாண்டி சிரித்தான். "டாக்டரு அவ்வோ பொழப்ப விடுவாவளா?" என்றான். "வெள்ளிக்கிழம ஒனக்கு மறுபார்வ. வந்து கைய நீட்டு. ஒட்டிருச்சுன்னா நீயும் நிறுத்து. ஒட்டலன்னா நான் மறுபடி மாத்திர போடுதேன், போதுமா?"

ஒட்டிவிடும் என்று அவளுக்குத் தெரியும். சிவப்புக் கயிறு கட்டிய எந்தக் கைக்குத்தான் ஒட்டவில்லை? ராத்திரியெல்லாம் அவளுக்கு அதே யோசனை. ஒரே ஆளின் ரத்தம் ஒரே நேரத்தில் இரண்டு பேச்சு பேசுமா? பேசினால் பொய் சொல்வது ரத்தமா, சித்தரா? இவ்வளவுதான் அவள் கேட்டது. ஊரில் அத்தனை பேர் தலையிலும் இதைக் கேட்கிற அளவுக்கு மூளை இருந்தது. அவள் மட்டும்தான் எடுத்துச் செலவழித்தாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. துரைப்பாண்டி முன்வரிசையில் போய் சண்முகையாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான். பொன்செல்வி வளையலையெல்லாம் கழற்றிப் பையில் போட்டு, தலையோடு சால்வையைச் சுற்றிக்கொண்டு பின்வாசலுக்குப் போனாள். அங்கே சித்தரின் உதவியாள் மகாராஜன் இரண்டு வரிசைக்கும் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். முதல் வரிசையில் நின்று இடது கையை நீட்டினாள். "மொதப் பார்வ," என்றாள். மஞ்சள் கயிறு ஏறியது. சுற்றிப் போய் அடுத்த வரிசையில் நின்று வலது கையை நீட்டினாள். "மறுபார்வ." சிவப்புக் கயிறு ஏறியது. பெயர் கேட்கவில்லை, முகம் பார்க்கவில்லை. சித்தர் போட்ட சட்டமல்லவா?

உள்ளே இரண்டு கிழிசலுக்கு நடுவில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இடது கையை ஒன்றில் விட்டாள், வலது கையை இன்னொன்றில் விட்டாள். பக்கத்து ஸ்டூலில் பர்தா போட்ட ஒரு அம்மாள் இதைப் பார்த்தாள். முதலில் முழித்தாள். பிறகு விஷயம் புரிந்து, ஸ்டூலைக் கொஞ்சம் தள்ளிப் போட்டு இவளுக்கு இடம் கொடுத்தாள்.

வெளியே சித்தர் வந்தார், குத்தினார், பிழிந்தார், நூல் விட்டார். மந்திரம் ஓடியது. சபை கண்ணை மூடிக்கொண்டது. மந்திரம் முடிந்து ஒவ்வொரு கையாகத் தீர்ப்பு வந்தது. பொன்செல்வியின் இடது கை முறை.

சித்தர் நூலைத் தூக்கினார். சிவப்பாகச் சொட்டியது. "ஐயோ!" என்று அலறினார். "பெண் கை! ஒட்டவே இல்லை! அமாவாசை தாண்டாது அம்மா, தாண்டாது!"

"பாவம், எந்த வீட்டுப் பொம்பளையோ," என்று துரைப்பாண்டி சண்முகையாவிடம் சொன்னான். அவனுக்கு மனசு நல்ல மனசுதான்.

சித்தர் ஓரடி நகர்ந்து அடுத்த நூலைத் தூக்கினார். கெட்டியாகத் தொங்கியது. "ஆஹா! இதுவும் பெண் கை! எண்பது வயது தாண்டும்! மகளே, மாத்திரையை இன்றே தூக்கி எறி!"

குலவைச் சத்தம் அடங்கியதும் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"சாமி, ஒரு சந்தேகம்."

சித்தர் திடுக்கிட்டார். திரை பேசுவது அவர் திட்டத்தில் இல்லை. "கேள் மகளே."

"அமாவாசையோட எடது கை செத்துரும்னு சொல்லிட்டிய. அதுக்கப்புறம் எண்பது வயசு வரைக்கும் வலது கை மட்டும் தனியா இருந்து என்ன செய்யும்?"

யாருக்கும் புரியவில்லை. இரண்டு கைகளும் உள்ளே போயின. அடுத்த நொடி திரை கம்பியோடு பிடுங்கிக்கொண்டு கீழே விழுந்தது. மற்ற நோயாளிகள் பதறி முந்தானையாலும் துண்டாலும் முகத்தை மூடிக்கொண்டார்கள். நடுவில் பொன்செல்வி சால்வையை எடுத்துவிட்டு, இரண்டு கையையும் தூக்கிக் காட்டிக்கொண்டு நின்றாள். இடதில் மஞ்சள், வலதில் சிவப்பு.

முன்வரிசையில் துரைப்பாண்டிக்கு வாய் திறந்தது திறந்தபடியே நின்றது.

சித்தர் லேசுப்பட்டவரா? சுதாரித்துவிட்டார். "அன்பர்களே, இது அதிசயமா? இடது கை தீட்டுக் கை! அதில் பாவ ரத்தம் ஓடுகிறது. வலது கையால் சாப்பிடுகிறோம், கும்பிடுகிறோம், அதில் புண்ணிய ரத்தம் ஓடுகிறது!"

இதற்கும் சபையில் பாதிப் பேர் தலையாட்டினார்கள். என்னத்தைச் சொல்ல? நம் ஆட்களை ஏமாற்ற சாமர்த்தியம் வேண்டும் என்று யார் சொன்னது? நிற்காமல் பேசினால் போதும்.

"சரி சாமி, அப்படியே இருக்கட்டும்," என்றாள் பொன்செல்வி. "இப்ப எடது கை ரத்தத்தச் செவப்புக் குப்பியில விடுதேன். வலது கை ரத்தத்த மஞ்சக் குப்பியில விடுதேன். பாவ ரத்தம் ஒட்டாதுன்னா ஒட்டாம போகட்டுமே. மந்திரமும் நீங்களே சொல்லுங்க."

"அது சாஸ்திர விரோதம்!"

"ஏன் சாமி? ரத்தம் என்னோடது. குப்பி ஒங்களோடது. இதுல சாஸ்திரம் எங்கன வருது?"

"விடட்டும் சாமி," என்று பின்னாலிருந்து ஒரு குரல். "விட்டுத்தான் பாப்பமே!" என்று இன்னொன்று. எலுமிச்சை வியாபாரிகள்தான். பழத்தை அமுக்கிப் பார்க்காமல் வாங்காத ஆட்களுக்கு, இத்தனை நேரம் கழித்து அந்தப் பழக்கம் ஞாபகம் வந்தது.

அவள் மேசையிலிருந்து புதுக் குப்பி இரண்டை எடுத்தாள். விரல்களை அழுத்திப் பிழிந்தாள். இடது கை ரத்தம் சிவப்புக் குப்பிக்கும் வலது கை ரத்தம் மஞ்சள் குப்பிக்கும் போயின. இரண்டிலும் நூலை விட்டுச் சபைக்கு எதிரே வைத்தாள். "மந்திரம் சொல்லுங்க சாமி," என்றாள். சித்தர் மந்திரம் சொன்னார். குரல் தந்தியடித்தது. இந்தத் தடவை ஒருவர்கூடக் கண்ணை மூடவில்லை.

மந்திரம் பாதியிலேயே தேய்ந்து நின்றது. அவள் நூல்களைத் தூக்கினாள். பாவப்பட்ட இடது கை ரத்தம் கெட்டியாகத் தொங்கியது. புண்ணியம் செய்த வலது கை ரத்தம் தண்ணீராகச் சொட்டியது.

பொன்செல்வி மஞ்சள் குப்பியின் துணியை அவிழ்த்தாள். உள்ளே ஊதா நிற லேபிள் ஒட்டியிருந்தது. அதைத் தூக்கிக் காட்டினாள்.

சண்முகையா எழுந்து நின்றார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு உற்றுப் பார்த்தார். "ஏ... இது மூணு மாச சர்க்கரை டெஸ்டுக்கு எடுக்குத டியூப்புல்லா!" என்றார். "வழக்கமா நான் இதுலதான குடுக்கேன்! ரத்தம் உறையாம இருக்க உள்ள மருந்து தடவியிருக்குன்னு லேப்காரன் எங்கிட்டயே சொல்லியிருக்கானே!"

"அப்ப இவ்வளவு நாளா ஏன் அண்ணாச்சி சொல்லல?" என்று ஒருவர் கேட்டார்.

"துணி சுத்தியிருந்துச்சே வே!"

விஷயம் அவருக்குத் தெரிந்திருந்தது. மேலே ஒரு மஞ்சள் துணியைச் சுற்றியதும் அது மறந்துபோயிற்று. சண்முகையாவைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் வீட்டுக்குப் போய்த் தங்கள் தலையில் என்ன துணி சுற்றியிருக்கிறது என்று பார்த்துக்கொள்வது நல்லது.

எல்லோரும் குப்பியையே பார்த்துக்கொண்டிருந்த சமயத்தில் சித்தர் காவி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்வாசலுக்குப் பாய்ந்தார். இதுவரை சுத்தத் தமிழில் பேசிய வாய், "ஏலே மகாராஜா, வண்டிய எடுலே! சோலி முடிஞ்சுட்டு!" என்று அலறியது. வண்டி நகரவில்லை. உரு விற்றவர் முன்னால் வந்து படுத்துக்கொண்டார். பாம்பை ரத்தக்குழாய் ஆக்கியதற்குச் சித்தர் பேசிய கூலி அவருக்கு இன்னும் வரவில்லையாம். பிறகு போலீஸ் வந்து விசாரித்ததில் சித்தரின் பூர்வாசிரமப் பெயர் பேச்சிராஜ் என்று தெரிந்தது. மதுரையில் ஏதோ ஒரு பரிசோதனைக் கூடத்துக்காக வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து வந்தவன். குப்பி திருடியதற்காகத் துரத்திவிட்டார்களாம். பதினெட்டுச் சித்தர்களும் சொல்லிக்கொடுக்காததை ஒரு பரிசோதனைக் கூடம் சொல்லிக்கொடுத்திருக்கிறது.

கதை இத்தோடு முடிந்திருந்தால் எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் மேடையில் பொன்செல்வி இன்னும் நின்றுகொண்டிருந்தாள். சித்தர் மேடையை விட்டுப் போனதும் சபை மெல்ல அவளைப் பார்க்க ஆரம்பித்தது. குசுகுசுப்பு எழுந்தது. மாத்திரை, மறுபார்வை, சொல்ல முடியாத ரத்த நோய். கணக்குப் போட்டுவிட்டார்கள். இதற்கு மட்டும் மூளை எப்படி இவ்வளவு வேகமாக ஓடுகிறதோ! முதல் வரிசைப் பெண்கள் நாற்காலியைப் பின்னால் இழுத்தார்கள். ஒருத்தி பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

பொன்செல்வி அதைப் பார்த்தாள். மகள் முகம் ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

"ஆமா," என்றாள். "எனக்கு எச்.ஐ.வி. இருக்கு. இவ்வளவு நேரம் என் ரத்தத்த வாயப் பொளந்து பாத்திய. இப்ப என் மூஞ்சியப் பாக்கக் கூசுதோ? ஒங்க வீட்டு ஜாக்கெட்ட எத்தன வருசமா தைக்கேன், எவளுக்காவது ஒட்டுச்சா? ஒட்டாது. ஆனா இவன் சொன்னான்னு மாத்திரைய நிறுத்துனவன் செத்துப் போவான். அவன் வீட்டுல ஒரு பொம்பள இருக்கா, ஒரு பிள்ள இருக்கு. அத யாரும் நெனக்க மாட்டிய."

இப்போது கண்கள் துரைப்பாண்டி மேல் திரும்பின. அவனுக்குப் பக்கவாட்டு வாசல் கிட்டத்தில்தான் இருந்தது. எழுந்து போய்விட்டிருக்கலாம், இவள் யாரோ என்று சொல்லிவிட்டுக்கூடப் போயிருக்கலாம். அப்படிப் போன ஆண்கள் நாட்டில் ஏராளம். அவன் எழுந்தான். சண்முகையா அவன் சட்டையைப் பிடித்து, "எங்கவே போறீரு?" என்றார்.

"அது எம் பொண்டாட்டி," என்று சொல்லிவிட்டு மேடை ஏறினான். அவள் விரலில் இன்னும் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. தோளில் கிடந்த துண்டால் அதைத் துடைத்துவிட்டான்.

"ஏட்டி, நான் மாத்திரையெல்லாம் சாக்கடையில போட்டுட்டனே," என்றான்.

"நாளைக்குக் காலையில தென்காசி. ரெண்டு பேருமா போறோம். மூஞ்சிய மறைக்க வேண்டாம், அந்த வேல முடிஞ்சுது."

"லேட்டாயிருக்குமோ?"

"தெரியாது. டாக்டர்ட்டதான் கேக்கணும்," என்றாள். பொய்யாக ஒரு தேதி சொல்லி அவனைத் தேற்ற அவளுக்கு மனம் வரவில்லை.

முகத்தை மூடிக்கொண்டு நின்ற மற்ற நோயாளிகளில் பர்தா போட்ட அந்த அம்மாள் தன் மணிக்கட்டுச் சிவப்புக் கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்தாள். "தென்காசிக்கு மொத பஸ் எத்தன மணிக்கும்மா?" என்று பொன்செல்வியிடம் கேட்டாள். சபை காதில் விழும்படியாகத்தான் கேட்டாள். அதற்குப் பிறகு இன்னொரு துண்டு முகத்திலிருந்து இறங்கியது, ஒரு முந்தானையும் இறங்கியது.

சபை கலைந்தது. சிலர் கட்டிய காணிக்கையைத் திருப்பித் தருவார்களா என்று மண்டப மேனேஜரிடம் சண்டை போட்டார்கள். வாங்கின வெள்ளி உருவை மறுபடி பாம்பாக மாற்ற முடியுமா என்று ஒருவர் கேட்டார். சண்முகையா வாசலில் நின்று வாட்ஸப்பில் எழுதிக்கொண்டிருந்தார்: "போலிச் சித்தர் பிடிபட்டார். உண்மையான சித்தர் ஒருவர் ராஜபாளையத்தில் இருக்கிறாராம். விவரம் விரைவில்."

ஐயா, அம்மா, உங்களைத்தான். கையைத் திரைக்கு வெளியே நீட்டிவிட்டுத் தலையைத் திரைக்குப் பின்னால் வைத்திருக்கிறவரை, குத்துவதற்கு எவனாவது ஊசியோடு வந்துகொண்டேதான் இருப்பான். அடுத்த தடவை தலையையும் கொஞ்சம் வெளியே நீட்டுங்கள். அதற்குள்ளும் ரத்தம் ஓடுகிறது என்றுதான் டாக்டர்கள் சொல்கிறார்கள்.